ஒரே கட்சி, ஒரே மாதம், இரண்டு அவசரகாலம்



2007-ஆம் ஆண்டு. பிரிட்டிஷ் அரசாங்கத்தின் மீது லண்டன் நீதிமன்றத்தில் ஹிண்ட்ராப் வழக்குப் போட்டிருந்த நேரம். மகாராணிக்கு அனுப்பும் மனுவில் கையெழுத்து வாங்க ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கூடியிருந்தோம். நான் அப்போது வழக்கறிஞராகிச் சில வருடங்களே ஆன இளைஞன். நம் தாத்தா பாட்டிகளைக் கப்பலில் ஏற்றி வந்தவன் வெள்ளைக்காரன், 1957-ல் நம்மைக் கைவிட்டுப் போனவனும் அவன்தான் என்று ஆவேசமாகப் பேசி முடித்தேன். முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். எண்பது வயதைத் தாண்டியவர். வாழ்நாள் முழுக்கப் பால்மரம் வெட்டியவர்.

"லாயர் தம்பி, இப்ப லண்டன்ல யாரு கவர்மெண்டு?"

"தொழிலாளர் கட்சி, தாத்தா. லேபர் பார்ட்டின்னு சொல்வாங்க."

பெரியவர் சிரித்தார். "நம்ம கணபதியத் தூக்குல போட்டப்பவும் அவங்கதானேப்பா இருந்தாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. சட்டம் படித்த எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவருக்குத் தெரிந்திருந்தது! அன்று இரவு வீட்டுக்குப் போய் தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடலில் கண்டதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் இத்தனை வருடமாக மனதில் இருந்து வந்தது. இன்று எழுதுகிறேன்.

யார் இந்தத் தொழிலாளர் கட்சி?

பிரிட்டனில் சுரங்கத் தொழிலாளி, ரயில்வே தொழிலாளி, துறைமுகத் தொழிலாளி எல்லோரும் சேர்ந்து, தங்கள் தொழிற்சங்கங்களின் சந்தாப் பணத்தில் வளர்த்த கட்சி அது. 1945 ஜூலைத் தேர்தலில் சர்ச்சிலைத் தோற்கடித்துப் பெரும்பான்மையோடு ஆட்சிக்கு வந்தது. கிளமெண்ட் அட்லி பிரதமரானார்.

நம் தோட்டங்களில் அன்று அது நல்ல செய்தியாகத்தான் பட்டது. சயாம் மரண ரயில் பாதையில் மடிந்தவர்கள் போக எஞ்சியவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். நேதாஜியின் படையில் சேர்ந்த இளைஞர்களும் தோட்டங்களுக்குத் திரும்பியிருந்தார்கள். 1947 ஆகஸ்டில் இந்தியாவுக்குச் சுதந்திரம் கொடுத்ததும் இதே அட்லி அரசாங்கம்தான். இவர்கள் நம்மைப் போன்ற தொழிலாளிகள், நம் கஷ்டம் இவர்களுக்குப் புரியும் என்று நம் ஆட்கள் நம்பியதில் தவறு சொல்ல முடியாது.

மலாயாவுக்குப் பொறுப்பாக 1946-ல் வந்த காலனித்துவ அமைச்சர் ஆர்தர் கிரீச் ஜோன்ஸ். தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர். முதலாம் உலகப் போரில் ராணுவத்தில் சேர மாட்டேன் என்று சொன்னதற்காகச் சில ஆண்டுகள் சிறையில் இருந்தவர். காலனி நாட்டு மக்களின் நலனுக்காகவே ஒரு குழுவை அமைத்து நடத்தியவர். சிறைவாசம் என்றால் என்ன என்று அறிந்த ஒரு தொழிற்சங்கவாதி நமக்கு அமைச்சர்! இதைவிட நல்ல காலம் வருமா?

நம் மலாக்காவுக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. பேராக், சிலாங்கூர் போன்ற மாநிலங்களில் பெயருக்காவது சுல்தான் இருந்தார். மலாக்கா நேராகப் பிரிட்டிஷ் மன்னரின் மண். காடேக் தோட்டத்தில் பிறந்த தமிழ்ப் பிள்ளை சட்டப்படி பிரிட்டிஷ் பிரஜை. ஆனால் லண்டன் நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடும் உரிமை மட்டும் அதற்குக் கிடையாது. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப் போகும் எல்லாமே இதில்தான் வந்து நிற்கிறது.

தோட்டங்களில் எழுந்தது என்ன?

1941-லேயே கிள்ளான் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான சம்பளம் கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், கள்ளுக்கடை வேண்டாம் என்றார்கள். பட்டாளம் வந்து சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

போர் முடிந்ததும் அதே கோரிக்கைகள் திரும்பி வந்தன. இந்த முறை வலுவோடு வந்தன. கெடாவில் லாரி ஓட்டுநர் ஏ.எம். சாமி தொண்டர் படை அமைத்தார். 1947-ல் பீடோங் கள்ளுக்கடை மறியலில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். நாடு முழுவதும் தோட்டம், சுரங்கம், துறைமுகம் எல்லாம் அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் கீழ் திரண்டன. 1947-ல் அதன் தலைவரானவர் எஸ்.ஏ. கணபதி. தஞ்சாவூர்க்காரர், நேதாஜி படையில் இருந்தவர். சீனர், தமிழர், மலாய்க்காரர் என்று எல்லாத் தொழிலாளிகளும் இருந்த சம்மேளனத்துக்கு ஒரு தமிழர் தலைவர்!

இன்னொரு பக்கம் குடியுரிமைப் போராட்டம். நம் மலாக்காக்காரர் டான் செங் லோக் தலைமையில் பல இனக் கட்சிகள் ஒன்றாகச் சேர்ந்து 1947-ல் மக்கள் அரசியல் சட்டம் என்ற திட்டத்தை எழுதி முன்வைத்தன. மஇகாவும் அதில் இருந்தது. இந்த நாட்டைத் தன் நாடாக ஏற்பவர் எல்லோருக்கும் குடியுரிமை என்றது அத்திட்டம். அக்டோபர் 20-ஆம் தேதி நாடு தழுவிய ஹர்த்தால் நடந்தது. தொழிலாளர் கட்சி அரசாங்கம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1948 பிப்ரவரி 1-ஆம் தேதி அவர்கள் விருப்பப்படியே மலாயா கூட்டமைப்பு பிறந்தது. அதன் விதிப்படி, பூலாவ் செபாங்கில் பிறந்து இங்கேயே வாழும் தமிழர் தானாகவே குடிமகன். நாலு எட்டு தள்ளி, நெகிரி செம்பிலான் எல்லைக்குள் தம்பினில் பிறந்த அவருடைய தம்பிக்கு அந்த உரிமை கிடையாது. அப்பா அம்மா இரண்டு பேரும் இந்நாட்டில் பிறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை! சிவப்பு அடையாள அட்டைக் கண்ணீரின் விதை இதில் இருக்கிறது.

துப்பாக்கிக்கு முன் வந்த சட்டம்

நமக்குப் பள்ளியில் சொல்லித் தந்த கதை எது? 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் கம்யூனிஸ்டுகள் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகளைச் சுட்டுக் கொன்றார்கள், அதனால் அவசரகாலம் வந்தது என்ற கதை.

மூன்று பேர் கொல்லப்பட்டது உண்மை. அந்தப் புரட்சியில் கம்யூனிஸ்டு கட்சியின் கையிலும் ரத்தம் உண்டு. தோட்டத்துக் கிராணிகளும் சாதாரணத் தொழிலாளிகளும்கூட அவர்கள் கையால் செத்தார்கள். அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் தேதியைப் பாருங்கள், உறவுகளே.

ஜூன் 12-ஆம் தேதியே, அதாவது நான்கு நாள் முன்னதாகவே, தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். சங்கப் பொறுப்பாளர் அந்தத் தொழிலில் குறைந்தது மூன்று வருடம் வேலை செய்திருக்க வேண்டும். குறிப்பிட்ட சில குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர் பொறுப்பில் இருக்கக் கூடாது. ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்கள் மட்டும்தான் சம்மேளனமாகச் சேரலாம். இந்தக் கடைசி விதி ஒன்றே போதும். தோட்டத் தொழிலாளியும் சுரங்கத் தொழிலாளியும் துறைமுகத் தொழிலாளியும் ஒன்றாக இருப்பதே சட்டவிரோதம் ஆகிவிட்டது. மறுநாளே கணபதியின் சம்மேளனம் சட்டத்துக்குப் புறம்பானது. அதன் பிறகுதான் சுங்கை சிப்புட். அதன் பிறகுதான் அவசரகாலம்.

இதே கட்சி பிரிட்டனில் என்ன செய்திருந்தது தெரியுமா? 1927-ல் பழைமைக் கட்சி கொண்டுவந்த தொழிற்சங்க ஒடுக்குமுறைச் சட்டத்தை, ஆட்சிக்கு வந்த மறு வருடமே, 1946-ல் ரத்து செய்திருந்தது. அங்கே சங்கத்தின் கட்டை அவிழ்த்தார்கள். இங்கே இறுக்கிக் கட்டினார்கள்.

ஜூன் 18-உம் ஜூன் 28-உம்

சட்டம் படித்தவன் என்ற முறையில் என்னை உலுக்கிய விஷயம் இதுதான்.

1948 ஜூன் 18-ஆம் தேதி மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. சரியாகப் பத்து நாள் கழித்து, ஜூன் 28-ஆம் தேதி, அதே அட்லி அரசாங்கம் பிரிட்டனிலும் ஓர் அவசரகாலத்தை அறிவித்தது! லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். உணவுக் கப்பல்கள் தேங்கி நின்றன. அதற்காக அறிவித்த அவசரகாலம்.

ஒரே கட்சி, ஒரே அமைச்சரவை, ஒரே மாதம், ஒரே சொல். சட்டம் மட்டும் வேறு.

லண்டன் அவசரகாலம் 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது. வேலைநிறுத்தம் செய்வதை எந்த விதியாலும் குற்றமாக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. விசாரணை இல்லாமல் யாரையும் சிறைத் தண்டனைக்கு உள்ளாக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது. மறுநாளே வேலைநிறுத்தம் முடிந்தது. லண்டன் தொழிலாளி வீட்டுக்குப் போனான், அடுத்த நாள் வேலைக்குப் போனான்.

மலாயா அவசரகாலத்தில் எந்தக் காவலும் எழுதப்படவில்லை. விசாரணை இல்லாமல் தடுப்புக் காவல். நாடு கடத்தல். துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு. 1949 தொடக்கத்தில் இன்னொரு விதி சேர்ந்தது. அதன்படி ஒரு வட்டார மக்களையே மொத்தமாகப் பிடித்துக் கம்பிக்குள் அடைக்கலாம்.

அவர்களுக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல வழியே இல்லை. வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளியைப் பாதுகாத்து ஓர் அவசரகாலச் சட்டத்தை எப்படி எழுதுவது என்று அவர்கள் கையிலேயே மாதிரி இருந்தது. நமக்கு அதை எழுதவில்லை. அவ்வளவுதான்.

இன்னும் ஒரு தேதி. ஜூலை 5-ஆம் தேதி, மலாயா அவசரகாலம் பிறந்த பதினேழாம் நாள், பிரிட்டனில் இலவச மருத்துவச் சேவை தொடங்கியது. ஏழைத் தொழிலாளிக்கும் காசில்லாமல் ஆஸ்பத்திரி. உலகமே பாராட்டும் திட்டம், நானும் பாராட்டுகிறேன். அதே கை அங்கே மருந்து கொடுத்தது, இங்கே முள்வேலி கட்டியது.

கணபதியும் சாம்பசிவமும்

1949 மார்ச்சில் ரவாங் அருகே வாட்டர்பால் தோட்டத்தில் கணபதி பிடிபட்டார். கையில் ஒரு துப்பாக்கி, ஆறு தோட்டாக்கள். அந்த மாதமே மரண தண்டனை. இந்திய அரசாங்கம் கருணை காட்டும்படி கேட்டது. மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த வீரசேனன் முந்தின நாள்தான் பட்டாளத்தால் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு நாளில் இரண்டு தமிழ்த் தொழிற்சங்கத் தலைவர்கள்!

அதே காலத்தில் சாம்பசிவம் என்ற இன்னொரு தமிழ் இளைஞருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. துப்பாக்கி வைத்திருந்ததாக ஒரு குற்றச்சாட்டு, தோட்டா வைத்திருந்ததாக இன்னொன்று. தோட்டாக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலை கிடைத்தது. துப்பாக்கி வழக்கை மறுபடி விசாரித்தார்கள். தோட்டாவும் தன்னுடையது என்று அவர் சொன்னதாக உள்ள வாக்குமூலத்தை அங்கே வைத்துத் தூக்குத் தண்டனை கொடுத்தார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. ஒருவன் ஒரு குற்றத்திலிருந்து விடுதலை ஆகிவிட்டால் அது முடிந்த முடிவு, அதே விஷயத்தை வேறு வழியில் அவன் மேல் திருப்பக் கூடாது என்று 1950-ல் நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். சாம்பசிவம் தூக்குக் கயிற்றிலிருந்து தப்பினார்.

இந்தத் தீர்ப்பை நான் மாணவனாக இருந்தபோது பாடமாகப் படித்திருக்கிறேன். பிரிட்டிஷ் சட்டம் பரவிய நாடுகளில் எல்லாம் இதை மேற்கோள் காட்டுகிறார்கள். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தேனே தவிர, அந்தச் சாம்பசிவம் யார், எந்தச் சட்டத்தில் மாட்டினார், அன்று லண்டனில் யார் ஆட்சி என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. ஜாசின் பெரியவர்தான் கேட்க வைத்தார்.

ஒன்றைக் கவனியுங்கள். கணபதிக்காகப் பெரிய மனிதர்கள் பேசினார்கள், அவர் பிழைக்கவில்லை. சாம்பசிவத்தைக் காப்பாற்றியது சட்டத்தில் இருந்த ஒரு கோட்பாடு. தொழிலாளர் கட்சியின் நட்பு இரண்டு பேரையும் காப்பாற்றவில்லை.

பத்தாங் காலி

1948 டிசம்பரில் சிலாங்கூர் பத்தாங் காலியில், ரப்பர் தோட்டத்துக் குடியிருப்பு ஒன்றில், ஆயுதம் இல்லாத 24 சீனத் தொழிலாளர்களை ஸ்காட்ஸ் கார்ட்ஸ் பட்டாளம் சுட்டுக் கொன்றது. தப்பி ஓடினார்கள், சுட்டோம் என்றது அரசாங்கம். அடுத்த மாதமே, தப்பி ஓடுபவரைச் சுட்டுக் கொல்லலாம் என்று ஒரு விதி வந்தது. நடந்து முடிந்த சம்பவங்களுக்கும் சேர்த்து அந்த விதி குடை பிடித்தது! 1970-ல் அந்தப் பட்டாளத்துக்காரர்கள் சிலரே பத்திரிகையில் உண்மையைச் சொன்னார்கள். அப்போதைய தொழிலாளர் கட்சி அமைச்சர் டெனிஸ் ஹீலி போலீஸ் விசாரணைக்கு உத்தரவிட்டார். அதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டே ஆட்சி மாறியது, பழைமைக் கட்சி விசாரணையை நிறுத்திவிட்டது. 2015-ல் லண்டன் உச்ச நீதிமன்றமும் பொது விசாரணை தேவையில்லை என்றது. ஐந்து நீதிபதிகளில் பிரெண்டா ஹேல் அம்மையார் ஒருவர் மட்டும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

1950-ல் கிரீச் ஜோன்ஸ் தேர்தலில் தோற்றார். அவருக்குப் பதிலாக வந்தவர் ஜேம்ஸ் கிரிபித்ஸ். பதிமூன்று வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். வேலையில் அடிபட்ட தொழிலாளிக்கு இன்சூரன்ஸ் சட்டம் கொண்டுவந்தவர். அவர் பொறுப்பில்தான் பிரிக்ஸ் திட்டம் நடந்தது. லட்சக்கணக்கான சீனர்கள் புதுக் கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். நம் தோட்டத்து லயங்களையும் ஓரிடத்தில் சேர்த்து முள்வேலி போட்டார்கள். காலை பெரட்டுக்குப் போகும்போதும் வேலைக்காட்டிலிருந்து திரும்பும்போதும் கேட்டில் சோதனை. உங்கள் வீட்டு ஆயாவிடம் கேட்டுப் பாருங்கள், "கம்யூனிஸ்டு காலம்" என்று கதை சொல்வார்கள்.

ஏன் இப்படிச் செய்தார்கள்?

அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். ஆனால் அதில் நாம் கற்றுக்கொள்ள எதுவும் இருக்காது.

போர் முடிந்தபோது பிரிட்டன் கடனில் மூழ்கியிருந்தது. 1946-ல் அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடன் வாங்கியது. ரொட்டிக்குக்கூட ரேஷன். டாலர் சம்பாதிக்க வழி தேடினார்கள். அமெரிக்கக் கார் டயருக்கு ரப்பர் வேண்டும். அந்த ரப்பரை வெட்டியவர்கள் நாம். பிரிட்டிஷ் காலனிகளிலேயே அதிக டாலர் கொண்டுவந்தது மலாயாவின் ரப்பரும் ஈயமும்தான். நம் தோட்டத்தில் பால் நின்றால் அவர்கள் ஊர் அடுப்பு அணையும். பிரிட்டிஷ் தொழிலாளிக்கு ஓட்டு இருந்தது. நமக்கு இல்லை. இந்த நாட்டு மக்கள் முதல் கூட்டரசுத் தேர்தலில் ஓட்டுப் போட்டதே 1955-ல்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. தொழிற்சங்கம் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் மனதில் ஒரு படம் இருந்தது. ஜான் பிரேசியர் என்ற ரயில்வே தொழிற்சங்கக்காரரைத் தொழிற்சங்க ஆலோசகராக இங்கே அனுப்பினார்கள். சம்பளம் பேசு, அரசியல் பேசாதே என்பது அந்தப் படம். ஆனால் அவர்கள் கட்சியே தொழிற்சங்கம் அரசியலுக்கு வந்ததால் பிறந்த கட்சி! தாங்கள் ஏறி வந்த ஏணியை நமக்கு மறுத்தார்கள். அவர்கள் நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் ஆட்சியில் இருந்த கட்சி கேட்கவில்லை.

1951 அக்டோபரில் அவர்கள் ஆட்சி முடிந்தது. அவர்கள் தொடங்கிய அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அது முடிந்த மறுநாளே ஐ.எஸ்.ஏ. பிறந்தது. விசாரணை இல்லாத தடுப்புக் காவல் புதுப் பெயரில் தொடர்ந்தது. 2007 டிசம்பர் 13-ஆம் தேதி நம் ஹிண்ட்ராப் தலைவர்கள் ஐவரைப் பிடித்துக் கமுந்திங்கில் அடைத்தது அந்தச் சட்டம்தான். அட்லி அரசாங்கம் நட்ட மரத்தின் பழத்தை ஐம்பத்தொன்பது வருடம் கழித்தும் நாமே தின்றோம்.

காடேக் வரை வந்த கதை

இது பழைய கதை, வெள்ளைக்காரன் கதை என்று நினைக்கிறீர்களா? 2019-க்கு வாருங்கள். நம் மலாக்காவுக்கே வாருங்கள்.

2012-ல் ஐ.எஸ்.ஏ. போனது, சொஸ்மா வந்தது. 28 நாள் தடுப்புக் காவல், அதன் பின் ஜாமீன் இல்லாத சிறை. பக்காத்தான் ஹராப்பான் கூட்டணி, சொஸ்மாவின் கொடுமையான பிரிவுகளை நீக்குவோம் என்று தேர்தல் அறிக்கையில் எழுதிக் கொடுத்தது. 2018-ல் ஜெயித்தது. கூட்டணியில் இருந்த ஜ.செ.க., தொழிலாளர் பக்கம் நிற்கும் கட்சி என்று தன்னைச் சொல்லிக்கொள்வது. அதன் தலைவர்களே 1987-ல் ஐ.எஸ்.ஏ.வில் உள்ளே போனவர்கள். அவர்களில் ஒருவர் லிம் குவான் எங், அப்போது கோத்தா மலாக்கா நாடாளுமன்ற உறுப்பினர். 2019-ல் அவர் நிதியமைச்சர்.

2019 அக்டோபர் 10-ஆம் தேதி, காடேக் சட்டமன்ற உறுப்பினரும் மலாக்கா ஆட்சிக்குழு உறுப்பினருமான ஜி. சாமிநாதன் சொஸ்மாவில் கைதானார். அந்த வாரத்தில் மொத்தம் பன்னிரண்டு தமிழர்கள். விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்றார்கள். சொந்தக் கட்சி ஆட்சியில் இருக்கும்போதே, அந்தக் கட்சி நீக்குவதாகச் சொன்ன சட்டத்தில், அந்தக் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர் சிறையில்! கட்சித் தலைவர்கள் கண்டித்துப் பேசினார்கள். பேச்சு கதவைத் திறக்கவில்லை. நவம்பரில் அவர் வழக்கிலேயே, ஜாமீன் மறுக்கும் பிரிவு அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 பிப்ரவரி 21-ஆம் தேதி சட்டத்துறைத் தலைவர் டாமி தாமஸ் எல்லாக் குற்றச்சாட்டுகளையும் கைவிட்டார். நான்கு மாதத்துக்கு மேல் போயிருந்தது. மூன்றே நாளில் அந்த ஆட்சியும் கவிழ்ந்தது. சொஸ்மா கவிழவில்லை. 2022-ல் அவர்கள் திரும்ப ஆட்சிக்கு வந்தபோதும் அது அங்கேயே இருந்தது. 2023-ல் சுங்கை பூலோ சிறைக்கு வெளியே கைதிகளின் குடும்பத்தார் உண்ணாவிரதம் இருந்தார்கள். அதில் நம் தாய்மார்களும் இருந்தார்கள்.

1948-ஐயும் 2019-ஐயும் ஒரே தராசில் வைத்துவிட்டேன் என்று சிலர் கோபப்படலாம். இரண்டும் ஒன்றல்ல. அன்று தூக்கு, இன்று தடுப்புக் காவல். ஆனால் பாதை ஒன்று. சிறைக்குப் போனவர்கள் ஆட்சிக்கு வருகிறார்கள். சிறைச் சட்டத்தை ஒழிப்பதற்கு இன்னும் நேரம் வரவில்லை என்கிறார்கள். சட்டம் கையில் இருக்கும்போது யாராவது ஒருவர் அதை எடுத்து வீசுகிறார். அது விழும் இடம் பெரும்பாலும் குரல் குறைந்தவன் முதுகு.

நாம் கேட்க வேண்டியது

ஆகவே உறவுகளே, எந்தக் கட்சியையும் நம்பாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நமக்குக் கட்சிகள் தேவை, ஓட்டும் தேவை. 1948-ல் நம் தாத்தாக்களுக்கு இல்லாத ஆயுதம் அது. அதைத் தீபாவளி அன்பளிப்புக்கும், கோயிலுக்குக் கொடுக்கும் மானியத்துக்கும் மட்டும் கொடுத்துவிடாதீர்கள் என்கிறேன். மசூதி தானாவிலும் மெர்லிமாவிலும் டுரியான் துங்காலிலும் அடுத்த தேர்தலுக்கு வருபவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

1. விசாரணை இல்லாத தடுப்புக் காவலை நீக்கும் மசோதாவுக்கு ஓட்டுப் போடுவீர்களா? உங்கள் கட்சி எதிர்த்தாலும் போடுவீர்களா?

2. இந்த நாட்டில் பிறந்தும் அடையாள அட்டை இல்லாமல் இருக்கும் நம் பிள்ளைகளின் மனுக்களுக்கு, ஒரு காலக் கெடுவுக்குள் பதில் தர வேண்டும் என்று சட்டத்தில் எழுதுவீர்களா?

3. வெவ்வேறு தொழில் செய்யும் தொழிலாளிகள் ஒன்றாகச் சேர்ந்து பேசும் உரிமையை ஆதரிப்பீர்களா?

நட்பு நல்லதுதான். ஆனால் நண்பன் ஆட்சியில் உட்கார்ந்த பிறகு நம்மைக் காப்பது அவனுடைய நட்பு கிடையாது. சட்டப் புத்தகத்தில் இருக்கும் வரிதான் காக்கும். லண்டன் துறைமுகத் தொழிலாளியைக் காத்தது அந்த வரி. கணபதிக்கு அந்த வரி எழுதப்படவில்லை.

அந்தப் பெரியவர் அன்று மனுவில் கையெழுத்துப் போட்டாரா என்று கேட்பீர்கள். போட்டார். "அவங்க என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியும் தம்பி. ஆனா நான் கேட்டேன்னு எழுத்துல இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, கை நடுங்கத் தன் பெயரை முழுசாக எழுதினார்.

நாமும் கேட்போம். எழுத்தில் கேட்போம். போராட்டம் தொடரும்.